உங்கள் பெயரில் வேறொருவர் கடன் வாங்கியிருந்தால்: எந்தச் சட்டம், எந்தக் கதவு?

என் தம்பி ஊரில் சின்னதாக ஒரு எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். 2025 டிசம்பரில் வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனான். மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க பேர்ல ஏற்கெனவே ரெண்டு லோன் இருக்கே, ஒண்ணு பத்து மாசமா கட்டாம நிக்குதே" என்றாராம். இவன் இரண்டையும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, ஒருவர் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டை முழுசாக எடுத்துப் பார்த்தோம். ஒன்று, 2024 மார்ச்சில் ஏதோ ஒரு கடையில் மாதத் தவணைக்கு வாங்கிய டிவி. விண்ணப்பத்தில் இவனுடைய பான் கார்டு ஜெராக்ஸ், கீழே இவன் போடாத கையெழுத்து. மற்றொன்று, 2024 நவம்பரில் ஒரு செல்போன் செயலி வழியாக எடுத்த தனிநபர் கடன். இதில் காகிதமே இல்லை. எல்லாம் ஓடிபியில் முடிந்திருந்தது.

அடுத்த ஒரு வாரம் ஆளாளுக்கு ஒரு யோசனை. தெரிந்த வக்கீல் ஒருவர் "420 போடணும்" என்றார். நண்பர் ஒருவர் இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் பண்ணச் சொன்னார். பக்கத்து ஸ்டேஷனில் "இது சைபர் கிரைம், அங்க போங்க" என்றார்கள். அங்கே போனால், "டிவி கடன் எங்களுக்கு வராது, லோக்கல்ல குடுங்க" என்றார்கள். கடன் வசூலுக்கு வந்தவர் சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசம்: "பாக்கியைக் கட்டி முடிச்சிடுங்க சார், சிபில் தானா சரியாகிடும்."

இந்த யோசனைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து முடிவெடுக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. இதே இடத்தில் நிற்பவர்களுக்கு அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வழிகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு காரியத்துக்கானது.

முதலில்: இந்த வழக்கில் ஏமாந்தவர் யார்?

இதைக் கேட்டால் எல்லோரும் "தம்பிதான்" என்பார்கள். ஆனால் மோசடி பற்றிய பழைய சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 416-ஆம் பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைப் பற்றியது. இப்போது அது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், சுருக்கமாக பி.என்.எஸ்.-இல், 319-ஆகிவிட்டது. பிரிவில் தரப்பட்டிருக்கும் உதாரணங்களைப் படித்துப் பாருங்கள். தன் பெயரே உள்ள ஒரு பணக்கார வங்கியாளராக நடித்து ஒருவன் ஏமாற்றுகிறான். இறந்துபோன ஒருவராக நடித்து இன்னொருவன் ஏமாற்றுகிறான். இரண்டிலும் ஏமாந்தது யார்? அந்த நடிப்பை நம்பியவர். எவர் பெயரில் நடித்தானோ அவரைப் பற்றிச் சட்டத்துக்கு அக்கறை இல்லை. அவர் இறந்தவராகக்கூட இருக்கலாம்.

தம்பி விஷயத்தில் நம்பிப் பணம் கொடுத்தது நிதி நிறுவனம். ஆகவே 420 என்றாலும், 416-க்கான தண்டனைப் பிரிவான 419 என்றாலும் சட்டத்தின் பார்வையில் ஏமாற்றப்பட்டது அந்த நிறுவனம்தான். தம்பி வெறும் சாட்சி. இன்னும் கசப்பான உண்மை, அந்த நிறுவனத்தின் ஏட்டில் அவன்தான் கடனைக் கட்டாதவன். ஸ்டேஷனில் ரைட்டர் "பணம் கொடுத்தவங்க கம்ப்ளெய்ன்ட் தரட்டும், உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு சட்டத்தை எடுத்துப் படித்தபோதுதான் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது.

இந்த ஓட்டை தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய வழக்கில் தெரிந்தது. 2004-இல் ஒரு பெண்ணின் பெயரில் பொய்யாக மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, அவரைப் பற்றி யாஹூ குழுவில் அசிங்கமாக எழுதிப் போட்டான் ஒருவன். சென்னை எழும்பூர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் தண்டனை கொடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் நாட்டில் கிடைத்த முதல் தண்டனைகளில் ஒன்று என்று இன்றும் சொல்வார்கள். ஆனால் அடையாளத்தைத் திருடியதற்கு என்று தனிப் பிரிவு அன்றைக்கு இல்லை. ஆபாசத்துக்கு 67, மானத்தைக் கெடுக்கப் போலி ஆவணம் செய்ததற்கு 469, பெண்ணை இழிவுபடுத்தியதற்கு 509 என்று சுற்றிவளைத்துத்தான் அந்தத் தீர்ப்பு வந்தது.

66சி: உங்களைப் பாதிக்கப்பட்டவர் நாற்காலியில் உட்கார வைக்கும் பிரிவு

2008-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2009 அக்டோபர் 27 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதில் பிறந்ததுதான் 66சி. இன்னொருவருடைய மின்னணுக் கையொப்பத்தையோ, கடவுச்சொல்லையோ, அவரை மட்டுமே குறிக்கும் வேறு எந்த அடையாளக் கூறையுமோ நேர்மையற்ற முறையில் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இதில் "ஏமாற்றினான்" என்ற சொல்லே இல்லை. யாரும் பணம் இழந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் அடையாளத்தை எடுத்து நேர்மையற்று உபயோகித்தான் என்பதே குற்றம். எனவே பாதிக்கப்பட்டவர் நேரடியாக நீங்கள்தான். "உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை.

அதற்கு அடுத்த 66டி வேறு. கணினி அல்லது தொலைத்தொடர்புக் கருவி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது அது. தண்டனை அதே அளவு. ஆனால் ஏமாற்றுதல் நடந்திருக்க வேண்டும் என்பதால், பெயரை மட்டும் இழந்தவருக்கு இது இரண்டாம்பட்சம். போலீஸ் வேடத்தில் வீடியோ காலில் வந்து பணம் பறிக்கிறார்களே, அங்கே 66டி நேராகப் பொருந்தும். அதோடு அரசு ஊழியராக நடித்ததற்கு பி.என்.எஸ். 204-உம் சேரும்.

66சி-யின் பலவீனங்களையும் சொல்லிவிட வேண்டும். மூன்று இருக்கின்றன.

ஒன்று, ஜாமீன். அதே சட்டத்தின் 77பி பிரிவு மூன்றாண்டுக் குற்றங்களை ஜாமீனில் விடக்கூடியவை என்கிறது. பிடிபட்டவன் அன்றே வெளியே வரலாம்.

இரண்டு, காலவரம்பு. எங்களைப் பதற வைத்தது இதுதான். மூன்றாண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள மூன்று ஆண்டுதான் கெடு. புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 514-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. குற்றம் நடந்ததே தெரியாமல் இருந்திருந்தால், தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்ற ஆறுதல் அதற்கு அடுத்த பிரிவில் உண்டு. அதனால் உங்களுக்கு எந்தத் தேதியில் தெரியவந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். தம்பிக்கு அந்த வங்கி கொடுத்த மறுப்புக் கடிதமும், கிரெடிட் ரிப்போர்ட்டை இறக்கிய தேதியும் அப்படித்தான் முக்கியமாயின.

மூன்று, பான் கார்டு ஜெராக்ஸ் "அடையாளக் கூறு" ஆகுமா என்ற வாதம். ஓடிபி, கைரேகை, மின்கையொப்பம் என்றால் சந்தேகமே இல்லை. மையால் கையெழுத்துப் போட்ட காகித விண்ணப்பத்தில், எதிர்த்தரப்பு வக்கீல் இதைக் கிளப்புவார். பான் எண் ஒருவருக்கு ஒன்றுதான், ஆகவே அது அடையாளக் கூறுதான் என்பது என் எண்ணம். ஆனாலும் காகிதக் கடனுக்கு 66சி-யை மட்டும் நம்பி நிற்க மாட்டேன்.

பி.என்.எஸ்.: பெரிய தண்டனை, வேறு சுமை

2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த குற்றம் பி.என்.எஸ்.-இல் வரும். அதற்கு முன் நடந்தது பழைய தண்டனைச் சட்டத்தில்தான் வரும். புகார் கொடுக்கும் தேதி கணக்கில்லை, குற்றம் நடந்த தேதிதான் கணக்கு. தம்பியின் டிவி கடன் மார்ச்சில். ஆகவே அதற்கு 419, 420, போலி ஆவணத்துக்கான 468, 471. செயலிக் கடன் நவம்பரில். ஆகவே அதற்குப் புதிய எண்கள். ஒரே புகாரில் இரண்டையும் கலந்து எழுதிக்கொண்டு போனதுதான் நாங்கள் செய்த முதல் தவறு. அதைக் காட்டியே இரண்டு இடத்திலும் திருப்பி அனுப்பினார்கள்.

ஆள்மாறாட்டத்துக்குப் பழைய 419-இல் மூன்று ஆண்டுதான். புதிய 319-இல் ஐந்து ஆண்டு வரை ஆக்கியிருக்கிறார்கள். இது வெறும் எண் மாற்றம் இல்லை. மூன்றைத் தாண்டிவிட்டதால் காலவரம்புக் கெடு போய்விடுகிறது. ஏமாற்றிப் பொருளையோ பணத்தையோ வாங்குவது, அதாவது பழைய 420, இப்போது 318(4). ஏழு ஆண்டு வரை, ஜாமீனில் விடமுடியாதது.

ஆனால் நம் மாதிரி ஆட்களுக்கு இந்தத் தொகுப்பில் உண்மையான பலம் 318-ஓ 319-ஓ இல்லை. போலி ஆவணப் பிரிவுகள்தான். ஏமாற்றும் நோக்கத்தில் போலி ஆவணம் செய்வது 336(3), ஏழு ஆண்டு வரை. அதை உண்மையானது போலப் பயன்படுத்துவது 340(2). என் கையெழுத்தை இன்னொருவன் போட்டால் அது போலி ஆவணம். அதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. நிதி நிறுவனம் வந்து புகார் தர வேண்டும் என்று யாரும் காத்திருக்கத் தேவையில்லை. போலியாக உருவாக்கிய மின்னணுப் பதிவையும் இந்தப் பிரிவுகள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. போலி ஆதார், போலி வாக்காளர் அட்டை அடித்திருந்தால் 337 இருக்கிறது. அரசு கொடுக்கும் அடையாள ஆவணங்களை, ஆதாரையும் வாக்காளர் அட்டையையும் பெயர் சொல்லியே, புதிய சட்டம் அங்கே சேர்த்திருக்கிறது. பழைய 466-இல் அந்தச் சொற்கள் கிடையாது.

சுமை என்ன? போலி ஆவணம் என்று நிரூபிக்க அந்த ஆவணம் கைக்கு வர வேண்டும். அசல் விண்ணப்பம் நிறுவனத்திடம் இருக்கிறது. கையெழுத்து நிபுணரின் அறிக்கை வர மாதங்கள் ஆகும். மேலும், ஏழாண்டுப் பிரிவு போட்டால் உடனே கைது என்று பலர் நினைக்கிறார்கள். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, ஏழாண்டு வரையிலான குற்றங்களில் கைது அவசியம் என்பதற்குக் காரணத்தைப் போலீஸ் எழுதிவைக்க வேண்டும். பல வழக்குகள் நோட்டீஸோடு நகர்கின்றன.

பெரிய பிரிவுக்கு ஒரு நடைமுறை லாபம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். மூன்று ஆண்டு முதல் ஏழுக்குக் குறைவு வரை தண்டனை உள்ள குற்றங்களில், எப்ஐஆர் போடும் முன் டிஎஸ்பி அனுமதியோடு பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(3) இடம் கொடுக்கிறது. 66சி, 319 இரண்டும் அந்த வலைக்குள் வரும். 318(4), 336(3) ஏழு ஆண்டு என்பதால் வராது.

இரண்டையும் சேர்த்தே போடலாமா?

போடலாம், போடவும் வேண்டும் என்பதுதான் நான் வந்து சேர்ந்த இடம். ஆனால் இதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் தனிச் சட்டம். அதன் 81-ஆம் பிரிவு, மற்ற சட்டங்களோடு முரண் வந்தால் இதுவே நிற்கும் என்கிறது. 2016 டிசம்பரில் ஷரத் பாபு திகுமர்த்தி வழக்கில், மின்னணு வடிவ ஆபாசத்துக்குத் தனிச் சட்டத்திலேயே இடம் இருக்கும்போது பொதுச் சட்டத்தின் 292-ஐ இழுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதைத் தரவுத் திருட்டு வழக்கு ஒன்றுக்கும் நீட்டியது. இந்தத் தீர்ப்புகளைக் காட்டி, 66டி போட்டாயிற்றே, 419-ஐயும் 420-ஐயும் நீக்குங்கள் என்று குற்றம்சாட்டப்பட்டவர் உயர் நீதிமன்றம் போகலாம்.

அதனால்தான் போலி ஆவணப் பிரிவுகளை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். அடையாளத்தைப் பயன்படுத்துவதும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் 66சி, 66டி-யில் இருக்கின்றன. பொய்யான கடன் ஒப்பந்தத்தை உருவாக்குவது அங்கே இல்லை. மோசடிப் பிரிவுகள் விழுந்தாலும் 336-உம் 340-உம் நிற்கும் என்று வாதாட இடம் இருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. பல குற்றங்களைச் சேர்த்து விசாரிக்கும்போது, எதற்கு அதிகத் தண்டனையோ அதை வைத்தே காலவரம்பு பார்க்கப்படும் என்கிறது 514(3). ஏழாண்டுப் பிரிவு பக்கத்தில் இருந்தால் 66சி-யின் மூன்றாண்டுக் கெடு பிடிக்காது.

ஆக, 66சி நம்மை உள்ளே உட்கார வைக்கிறது. 336-உம் 340-உம் வழக்கைத் தாங்கிப் பிடிக்கின்றன. காகித டிவி கடனில் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். அங்கே 468, 471 முதலில். ஓடிபியோ ஆதார் சரிபார்ப்போ நடந்திருந்தால் மட்டும் 66சி-யைச் சேர்க்கலாம்.

எங்கே கொடுப்பது

தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேல் பதவியில் இருப்பவர்தான் விசாரிக்க முடியும். 78-ஆம் பிரிவு அப்படி. எஸ்ஐ மட்டும் இருக்கும் நேரத்தில் லோக்கல் ஸ்டேஷன் உங்களைத் தள்ளிவிடுவதற்கு இது ஒரு காரணம். தமிழ்நாட்டில் மாவட்டங்களிலும் மாநகரங்களிலும் தனி சைபர் கிரைம் காவல் நிலையங்கள் இருக்கின்றன. செயலிக் கடனுக்கு அங்கே போவதுதான் சரி. காகிதக் கடனுக்குக் கடை இருக்கும் இடத்து ஸ்டேஷன். எல்லை காரணம் சொல்லி மறுத்தால், எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எப்ஐஆர் போடலாம் என்பதைப் புதிய சட்டம் எழுத்திலேயே கொண்டுவந்துவிட்டது.

1930 எண்ணும் அதற்கான தேசிய இணையதளமும் எதற்கு? உங்கள் கணக்கிலிருந்து பணம் இப்போதுதான் போயிருக்கிறது என்றால், வேறு எதையும் யோசிக்காமல் அந்த எண்ணை அழுத்துங்கள். பணம் போய்ச் சேரும் கணக்கை முடக்கத்தான் அந்த ஏற்பாடு. அதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. தம்பி மாதிரி ஓராண்டுக்கு முந்தைய கடனுக்கு அது ஒரு பதிவு எண் தரும். அவ்வளவுதான். இணையத்தில் புகாரைப் பதிந்துவிட்டு எப்ஐஆர் ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. மின்னணு வழியில் கொடுத்த தகவலை மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட்டால்தான் அது எப்ஐஆராகப் பதிவாகும்.

எப்ஐஆர் போடாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால், அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால், விசாரணைக்கு உத்தரவிடக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் புதிய நடைமுறைச் சட்டத்தின் 175(3) மனு. அதோடு பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். அந்த இரண்டு படியையும் ஏறிவிட்டுத்தான் வந்தேன் என்று காட்ட வேண்டும். இது ஒரு வக்கீலை வைத்துச் செய்ய வேண்டிய வேலை.

ஆதார் சட்டமும் தொலைத்தொடர்புச் சட்டமும்

இவை இரண்டும் துணைக்கு. உங்கள் ஆதாரில் செல்போன் எண்ணையோ முகவரியையோ வேறொருவர் மாற்றியிருந்தால் ஆதார் சட்டத்தின் 35-ஆம் பிரிவு பொருந்தும், மூன்று ஆண்டு வரை. முன்பு ஆதார் ஆணையம் மட்டுமே இதில் நீதிமன்றம் போக முடியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்ட ஆதார்தாரரே போகலாம்.

உங்கள் பெயரில் சிம் வாங்கியிருந்தால் 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டம், 42-ஆம் பிரிவு. மோசடி செய்தோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்குவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தம்பி பெயரில் மூன்று இருந்தன. இவனுடையவை இரண்டு. அந்த மூன்றாவது எண்ணைத்தான் செயலிக் கடன் விண்ணப்பத்தில் கொடுத்திருந்தார்கள். முழு விவகாரத்திலும் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய துப்பு அதுதான்.

சிறை வேண்டாம், பணம் திரும்ப வேண்டும் என்றால்

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு கதவு இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின் கீழ், மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பச் செயலாளரே தீர்ப்பளிக்கும் அதிகாரி. ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டு மனுக்களை அவர் விசாரிக்கலாம். நான்கு மாதத்தில், மிஞ்சிப்போனால் ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது. 2010 ஏப்ரலில், போலி மின்னஞ்சலை நம்பிக் கணக்கு விவரத்தைக் கொடுத்துப் பணத்தை இழந்த, வெளிநாட்டில் வேலை செய்த ஒரு தூத்துக்குடிக்காரருக்கு 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி ஒரு தனியார் வங்கிக்குத் தமிழ்நாட்டுச் செயலாளர் உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீடு போய், 2019-இல்தான் தீர்ப்பாயம் அந்த உத்தரவை உறுதி செய்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் ஒன்பது வருடம்.

இந்த வழியில் குற்றவாளி யார் என்றே தெரிய வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்தையே எதிர்த்து மனுப் போடலாம். ஆனால் உங்கள் கணக்கிலோ கணினியிலோ அனுமதியின்றி நுழைந்தார்கள் என்பது போன்ற 43-ஆம் பிரிவு மீறலைக் காட்ட வேண்டும். கேட்கும் தொகைக்கு ஏற்பக் கட்டணமும் உண்டு. உங்கள் கணக்கிலிருந்து பெரிய தொகை போயிருந்தால் யோசிக்க வேண்டிய வழி. தம்பியைப் போல, பணம் போகாமல் பெயர் மட்டும் கெட்டவர்களுக்கு இது சுற்றுவழி.

பெயரைச் சுத்தம் செய்வது குற்ற வழக்கின் வேலை இல்லை

இதை முதல் நாளே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தால் சிபில் ஸ்கோர் தானாகச் சரியாகாது. அதற்குத் தனி வழி இருக்கிறது, கட்டணமும் இல்லை. நிதி நிறுவனத்துக்கும், கடன் தகவல் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு இருக்கின்றன. நான்கிலும் பாருங்கள், ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும். 30 நாளில் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

30 நாளில் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இங்கே ஒரு நுணுக்கம். அதே விஷயம் வேறொரு மன்றத்தில் நடந்துகொண்டிருந்தால் அவர் எடுக்க மாட்டார். ஆனால் போலீஸ் விசாரணையும் குற்ற வழக்கும் அந்தத் தடைக்குள் வராது. ஆகவே எப்ஐஆரையும் குறைதீர்ப்பாளர் மனுவையும் ஒரே சமயத்தில் நடத்தலாம். 46-ஆம் பிரிவு மனுவைப் போட்டுவிட்டு இவரிடம் வந்தால்தான் சிக்கல்.

வசூலுக்கு வந்தவர் சொன்ன வழிக்கு வருகிறேன். தயவுசெய்து ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் அந்தக் கடன் என்னுடையதுதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக வாதம் வரும். தொல்லை தாங்காமல் கட்டி முடித்தவர்களை எனக்குத் தெரியும். தங்கள் பெயர் கெட்டதற்குத் தாங்களே காசு கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

நாங்கள் எடுத்த முடிவு

புகாரை இரண்டாகப் பிரித்தோம். டிவி கடன் தனியாக, பழைய சட்டப் பிரிவுகளோடு, கடை இருக்கும் எல்லை ஸ்டேஷனில். செயலிக் கடன் தனியாக, சைபர் கிரைமில். எந்தப் பிரிவு போடுவது என்பது போலீசின் முடிவுதான் என்றாலும், பிரிவுக்குள் பொருந்துகிற மாதிரி நடந்ததை எழுதித் தருவது நம் கையில் இருக்கிறது. "என் பெயரில் கடன் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்" என்றுதான் முதலில் எழுதியிருந்தோம். பிறகு அதை இப்படி மாற்றினோம்: "என் பான் எண்ணையும், நான் வாங்காத ஒரு செல்போன் எண்ணுக்கு வந்த ஓடிபியையும் நானே கொடுத்ததாகக் காட்டி, என் பெயரில் பொய்யான மின்னணுக் கடன் ஒப்பந்தம் உருவாக்கப்பட்டுள்ளது. இது 10.12.2025 அன்று வங்கி கடிதம் மூலம் எனக்குத் தெரியவந்தது." முதல் வாக்கியத்தில் 66சி-யும் 336-உம் இருக்கின்றன. இரண்டாவதில் காலவரம்பு இருக்கிறது.

புகாருக்கு முன்பே நிதி நிறுவனத்திடம் எழுத்தில் நான்கு விஷயம் கேட்டோம்: விண்ணப்ப நகல், சரிபார்ப்பின்போது எடுத்த புகைப்படம், பதிவான செல்போன் எண், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு. கடைசியாகச் சொன்னதுதான் உயிர்நாடி. செயலிக் கடன் என்றால் கடன் வாங்குபவரின் சொந்தக் கணக்குக்கே பணம் போக வேண்டும் என்று 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. பணம் இவனுடைய கணக்குக்கு வரவில்லை என்பது ஒரு வங்கி ஸ்டேட்மென்ட்டிலேயே தெரிந்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டுகளை அழிக்காமல் அதே போனில் வைத்திருக்கிறோம். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் பின்னால் தேவைப்படும்.

செயலிக் கடன் ரிப்போர்ட்டிலிருந்து நீங்கிவிட்டது. புகைப்படத்தில் இருந்தது தம்பி முகமே இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு அந்த நிறுவனம் மறுபேச்சுப் பேசவில்லை. சைபர் கிரைமில் எப்ஐஆர் ஆகி, பணம் போன கணக்கு வேறு மாநிலத்தில் இருப்பதுவரை தெரிந்திருக்கிறது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்பது இப்போது சட்டம். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறான். டிவி கடன் இன்னும் அசைந்தபாடில்லை. அசல் விண்ணப்பத்தைக் கடைக்காரரும் நிதி நிறுவனமும் ஒருவரிடம் இருப்பதாக இன்னொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எஸ்பி அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் போய் இரண்டு வாரம் ஆகிறது. அடுத்தது 175(3) மனு. பிரமாணப் பத்திரத்தை வக்கீல் தயார் செய்துவிட்டார்.